தியேட்டர் இருந்த இடம்

வந்த புதிதில்
ஊரே என்னை மரியாதையால் நிறுத்திவைத்தது.
வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க,
எந்த நாடுங்க, எப்பப் போறீங்க.
ஒவ்வொரு ‘ங்க’வும்
வாசலில் போட்ட நாற்காலி.
உள்ளே வரச் சொல்லாத நாற்காலி.

ஒனிட்ஷா சந்தையில் என் மாமன் கடைக்கு
காதர்பேட்டையிலிருந்துதான் பனியன் போகும்.
கழுத்து கோணிய செகண்ட்ஸ்,
ஒரு கை நீண்டுபோன ஆர்டர்,
ஜெர்மன்காரன் வேண்டாமென்ற மஞ்சள்.
வாங்கி அனுப்பிவிட்டு
மூன்று மாதத்தில் திரும்புவதாகத்தான்
வீட்டில் சொல்லி வந்தேன்.
பதினோரு வருசமாக
அந்த மூன்று மாதம் முடியவில்லை.

ஒபியோரா என்பது யார் வாயிலும் நிற்காமல்
பில் புத்தகத்தில் ஓவியர் ஆனேன்.
போர்டு எழுதித் தருவீங்களா என்று
ஒருவர் பெயிண்ட் டப்பாவோடே வந்துவிட்டார்.

புரோக்கர் போனில் சரி என்பார்,
நேரில் என்னைக் கண்டதும் சாவி தொலைந்துவிடும்.
ராயபுரத்தில் ஏழு சாவிகள் தொலைந்தன.
எட்டாவது நாச்சிமுத்துவின் இடுப்பில் இருந்தது.
“வாடகை அஞ்சாந்தேதி.
மோட்டரப் போட்டா நிறுத்தோணும், மறக்கப்படாது.”
தேசம், சாமி, ஒன்றும் கேட்கவில்லை.
டேங்க் வழிந்ததற்கு மட்டும்
இன்றுவரை சண்டை.

துளசிமணியக்கா மெஸ்ஸில்
ஒரு புதன்கிழமை ராகிக் களி.
உருண்டையைப் பார்த்ததும்
கை தானாகக் கிள்ளியது,
பெருவிரலால் குழித்தது,
குழம்பை மொண்டது,
மெல்லாமல் தொண்டை வாங்கிக்கொண்டது.
மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
“உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?”
என்றார் அக்கா, கரண்டியோடு.
எங்களூரில் மரவள்ளியில் இப்படித்தான் என்றேன்.
நினைத்தது வேறு.
உனக்கு என்றார்.
உங்களுக்கு இல்லை.
வாசலில் ஒரு நாற்காலி குறைந்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
டவுன்பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு
பெரிச்சிபாளையம் வரை காலியாகவே வரும்.
வருசா வருசம் ஆபீஸில்
பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி
நான்தான் நான் என்று காட்டவேண்டும்.

அப்பா போன செய்தி வந்தது
ஒரு சனிக்கிழமை ராத்திரி.
பீஸ்ரேட் கணக்கு முடிக்கிற நேரம்.
கட்டிங் மாஸ்டர் சேமலை
என் முகத்தைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் மிஷினை அணைத்தார்.
சம்பள ராத்திரியில் திருப்பூரில் ஒரு மிஷின் நிற்பது
எவ்வளவு பெரிய காரியம் என்று
ஒனிட்ஷாவில் யாருக்கும்
விளங்கவைக்க முடியவில்லை.

அக்கா உஜுன்வா போனில் சிரிப்பாள்:
“நம்ம பாஷை பேசும்போதும்
கடைசியில் மூக்குக்குள் ஒரு மணி அடிக்கிறாய்.”
எனக்குக் கேட்கவில்லையே என்றேன்.
“பார், அடித்துவிட்டாய்.”

போன வாரம், விடிகாலை, ஸ்டேஷன் பேக்கரி.
ஒடிசாவிலிருந்து இறங்கிய பையன்,
தோளில் பை, கையில் ஈரமான துண்டுச் சீட்டு,
அத்தனை பேர் நிற்க
நேராக என்னிடம் வந்தான்.
நான் மட்டும்தான் அவசரமில்லாமல்
டீ குடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.
இந்தி கொஞ்சம், கை கொஞ்சம், மீதி தமிழ்:
“நேராப் போங்க.
தனபாக்கியம் தியேட்டர்கிட்ட லெஃப்ட்.
வேப்பமரம் தாண்டி மூணாவது கம்பெனிங்க.”

கால்மணி நேரத்தில் திரும்பி வந்தான்.
தியேட்டரே இல்லை என்றான்.

இல்லைதான்.
இடித்து நாலு வருசமாயிற்று.
அன்றைக்கு நானும் நின்று பார்த்தேன்,
வாயெல்லாம் புழுதி, கையில் பஜ்ஜி.
வேப்பமரம் ரோட்டை அகலப்படுத்தியதில் போயிற்று.
இல்லாததை வைத்து வழி சொல்வது
எனக்கும் எப்போது வந்தது?

சிரிப்பு அடங்கவில்லை.
பையன் பயந்து ஓரடி பின்வாங்கினான்.
“வாடா கண்ணு” என்று
பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.
தியேட்டர் இருந்த இடத்தில்
இரண்டு பேரும்
லெஃப்ட் திரும்பினோம்.